மூட்டை ஏறிய சைக்கிள்

சவாரி என்கிற சொல்லை எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு விதமாகப் புழங்குவார்கள். ஆட்டோக்காரச் சேட்டன்களுக்கு அது அன்றைய அரிசி. சவாரி கிடைத்தால் விசில் அடிப்பார்கள், கிடைக்காவிட்டால் வண்டிக்குள்ளேயே காலை நீட்டித் தூங்குவார்கள். ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் விடிந்ததும் வெள்ளைச் சப்பாத்து போட்டுக் கை வீசி நடக்கிறவர்கள், சொந்தக் காலால் நடப்பதையே மலையாளத்தில் பிரபாத சவாரி என்கிறார்கள். நடப்பது எப்படிச் சவாரியாகும் என்று ஒரு நாள் மூட்டையை நிறுத்திவிட்டு யோசித்தேன். காலின் மேல் உடம்பு ஏறிப் போகிறது அல்லவா, அந்தக் கணக்கு போலிருக்கிறது. என் மாமியார் பதினேழு வருஷம் என் தலையில் ஏறிச் சவாரி செய்தார். நல்ல மனுஷி. ஆனால் கனம்.

எங்கள் தொழிலில் சவாரி போவது துணி. நாங்கள் கூடவே நடக்கிறவர்கள்.

சலவைத் தொழில். மாமனார் காலத்திலேயே தமிழ்நாட்டை விட்டு வந்து கொச்சியில் கல் போட்ட குடும்பம். கல் என்றால் துவைக்கிற கல். நான் பதினெட்டு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. துணியில் மசியால் குறி போட்டுப் போட்டுத்தான் எழுத்து கையில் ஒட்டியது. எந்த வீட்டுத் துணிக்கு எந்தக் குறி என்று இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு ஜாக்கெட் மாறிப் போய்விட்டது என்று எவரும் என் வாசலில் வந்து நின்றதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் வேலை இரண்டு பங்கு. துவைப்பதும் தேய்ப்பதும் வீட்டுக்காரர். கொண்டு போய்க் கொடுப்பதும் வாங்கி வருவதும் நான். அதற்கு ஒரு சைக்கிள் உண்டு, குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள். பின்னால் வெல்டிங் கடையில் சொல்லி அகலமாக ஒரு கேரியர் வைத்திருக்கிறோம். மூட்டையை அதில் ஏற்றிக் கயிற்றால் இறுக்கி, ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் மூட்டையையும் பிடித்து, இடுப்பை முட்டுக் கொடுத்து உருட்டிக்கொண்டு போவேன். தேய்த்த துணியோடு போவேன், அழுக்குத் துணியோடு திரும்புவேன். போகும்போதும் மூட்டை, வரும்போதும் மூட்டை. இந்தச் சைக்கிளும் சரி, இதற்கு முன் துருப்பிடித்துப் போன இரண்டும் சரி, ஐம்பது வருஷத்தில் ஒரு நாளும் என் கையில் வெறுமையாக இருந்ததில்லை.

அதனால்தான் யாருக்கும் தெரியாமல் போயிற்று. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

நினைத்துப் பாருங்கள். தினமும் மிளகுக் கிடங்குச் சந்து வழியாகவும் படகுத்துறை வழியாகவும் ஒரு பெண்பிள்ளை சைக்கிளோடு போகிறாள். மூட்டை இருப்பதால் உருட்டுகிறாள், இல்லாவிட்டால் ஏறிப் பறப்பாள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பது நியாயம்தானே. என் வீட்டுக்காரரே அப்படித்தான் நினைத்திருந்தார். ஐம்பது வருஷம் என் கையால் சாப்பிட்டவர். ‘உன் சைக்கிள்’ என்றுதான் சொல்வார். நான் பொய் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

கேட்கிற நாள் போன ஓணத்துக்கு முன்னால் வந்தது.

எங்கள் வார்டில் பெண்கள் வாரத்துக்கு ஒரு முறை கூடுகிற அயல்கூட்டம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு செக்ரட்டரி. என்னைவிட இருபது வயது குறைந்தவள்தான், ஆனாலும் எல்லாரும் அக்கா என்கிற அர்த்தத்தில் சேச்சி என்றே கூப்பிடுவதால் நானும் கூப்பிடுவேன். அவள் நோட்டை விரித்து ஓணக் கொண்டாட்டத்தின் பட்டியலை வாசித்தாள். பூக்களம் போடுவது, வடம்வலி என்று கயிறு இழுப்பது, கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடுவது. எல்லாம் வருஷா வருஷம் உள்ளதுதான். இந்த முறை புதிதாக ஒன்று: அறுபது வயது தாண்டிய பெண்களுக்கு ஸ்லோ சைக்கிள்.

அது ஒரு வேடிக்கையான போட்டி. சுண்ணாம்புக் கோடு போட்ட பாதையில் சைக்கிளை ஓட்ட வேண்டும். கால் தரையில் படக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது. யார் கடைசியாகப் போய்ச் சேருகிறார்களோ அவர்களுக்குத்தான் பரிசு. இதற்கு ஒரு டீச்சரம்மா பெயர் கொடுத்திருந்தார், வேலையிலிருந்து ஓய்வு பெற்று உடம்புக்காகத் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர். லாட்டரிச் சீட்டு விற்கிற ஒருத்தியும் கொடுத்திருந்தாள். மூன்றாவது ஆள் இருந்தால்தான் போட்டி நடக்கும் என்றாள் செக்ரட்டரி. சொல்லி முடிப்பதற்குள் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பிவிட்டது. நம்ம அக்கா இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கத்தான் போனேன். அதற்குள் செக்ரட்டரி என் முழங்காலைத் தொட்டு, “வேண்டாமெங்கில் வேண்டாம் அக்கா. பாவம், வயசாயில்லே” என்றாள், வயசாகிவிட்டதல்லவா என்று.

மலையாளத்தில் பாவம் என்பது அன்பாகச் சொல்கிற வார்த்தைதான், எனக்கும் தெரியும். ஆனால் பாவம் என்று என்னை ஒருவர் சொல்லி நான் சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

“எழுதிக்கோ” என்றேன்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. வீட்டுக்காரர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்த டீச்சரம்மா பாவம், உன் முன்னால் என்ன செய்வார் என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஐம்பது வருஷத்தில் என்னைப் பற்றி அவர் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. அன்றைக்குச் சாயாக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். திருவோணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று போட்டி. நடுவில் பதினோரு நாள்.

பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இல்லாமல் சைக்கிள் பழக முடியாது. எனக்குக் கிடைக்கக் கூடிய ஒரே ஆள் என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, அடுத்த கல்லில் துவைக்கிறவள், அடுத்த வீட்டில் இருக்கிறவள். என்னைவிட நாலு வயது இளையவள், நாக்கு மட்டும் என்னைவிட நாற்பது வயது மூத்தது. என் குழம்பில் உப்பு இருந்தால் புளி இல்லை என்பாள், இரண்டும் இருந்தால் சூடு இல்லை என்பாள். அவளிடம் போய் நிற்பதற்கு எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. பதினோரு நாளில் ஒன்றரை அப்படிப் போயிற்று.

அவள் வாளியில் நீலம் கரைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னமோ சொல்லணும்னு நிக்கீங்க மதினி. சொல்லிட்டுப் போங்க.”

“எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.”

“எந்தச் சைக்கிள்?”

“எந்தச் சைக்கிளும்.”

அவள் கை நீலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. பிறகு கல்லின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். சிரிப்பு வரும் என்று தெரியும், அது வருகிற தூரம்தான் தெரியவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பித் தோள் குலுங்கிக் கண்ணில் தண்ணீராக வந்தது. நீலக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நீல முகத்தோடு கேட்டாள்.

“அப்போ இத்தனை வருஷமா அதை எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க? பேச்சுத் துணைக்கா?”

நான் திரும்பி நடந்தேன். பின்னாலேயே ஓடி வந்து முந்தானையைப் பிடித்தாள். அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம் தீபாவளிக்குக்கூட வந்ததில்லை. அண்ணனுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பதே அவளுக்குப் போதுமான கூலி. யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று கோயில் பக்கம் திரும்பித் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

பகல் ஒரு மணிக்கு எல்லாரும் சோறுண்ணப் போய்விடுவார்கள். துணி உலர்த்துகிற மைதானம் அப்போது காலி. வரிசை வரிசையாகக் கயிறு, கயிற்றில் லாட்ஜ்களின் வெள்ளை விரிப்பு. நாங்கள் கிளிப் போடுகிறவர்கள் இல்லை. இரண்டு கயிற்றை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருப்போம். அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகினால் கடல் காற்றுக்கும் அசையாது. விரிப்புகளுக்கு நடுவே ஒரு ஆள் போகிற அகலத்துக்கு வழி இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே நடப்பது தெரியாது. அதுதான் எங்கள் பள்ளிக்கூடம்.

துவைக்கிற கல்லின் மேல் நின்று சைக்கிளில் ஏறினேன். நாத்தனார் கேரியரைப் பிடித்துக்கொண்டாள். மிதிங்க என்றாள், மிதித்தேன். விட்டாள், விழுந்தேன். முதல் நாள் எத்தனை தடவை என்று அவள் எண்ணிக்கொண்டு வந்தாள். எண்ணினால் போட்டிக்கே வர மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். நான் எப்போதும் ஒரே பக்கம்தான் விழுந்தேன், விரிப்பு இருக்கிற பக்கம். விரிப்பும் முறுக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு என்னோடு வரும். ஒரு முறை தலையோடு சுற்றிக்கொண்டு எழுந்து நின்றேன். நாத்தனார் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மண் பட்ட விரிப்பை வீட்டுக்காரர் வருவதற்குள் மறுபடி துவைத்துப் போட வேண்டும். நான்காம் நாள் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த லாட்ஜ் விரிப்பை எத்தனை தடவைதான் துவைப்பீர்கள் என்று கேட்டார். ஓணம் அல்லவா, வெள்ளை இன்னும் கொஞ்சம் எடுக்கட்டும் என்று நாத்தனார் சொன்னாள். அந்த லாட்ஜ்காரர் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வெள்ளையான விரிப்பில் ஆளைப் படுக்க வைத்திருக்க மாட்டார்.

ஆறு நாளாகியும் எனக்கு வரவில்லை. வெறும் சைக்கிள் என் கைக்குள் நிற்காது. ஆட்டுக்குட்டி மாதிரி அங்கும் இங்கும் துள்ளும். முழங்கால் இரண்டும் தேங்காய் மூடி மாதிரி வீங்கிவிட்டது. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடுங்கள் மதினி என்று நாத்தனார் யோசனை சொன்னாள். அவள் குரலில் கேலி இல்லை. அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. இவளே கேலி பண்ணவில்லை என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

ஏழாம் நாள் சாயங்கால டெலிவரிக்காக மூட்டையை முன்னாலேயே கட்டி வைத்திருந்தேன். அவிழ்த்தால் மறுபடி கட்ட வேண்டும். சோம்பல் பட்டுக்கொண்டு, சரி, இதோடேயே ஒரு தரம் ஏறிப் பார்க்கிறேன் என்று கல்லிலிருந்து ஏறினேன். மூட்டை என் முதுகில் வந்து முட்டியது. அந்தக் கனம் எனக்குத் தெரிந்த கனம். இடது பக்கம் எவ்வளவு சாயும், பள்ளம் வந்தால் எப்படி இழுக்கும் என்று என் கைக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். மிதித்தேன். சைக்கிள் போயிற்று.

போயிற்று என்றால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வரிசை விரிப்பைத் தாண்டினேன், அடுத்த வரிசையையும் தாண்டினேன். நாத்தனார் கேரியரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்துப் பேசிக்கொண்டே போகிறேன், பதில் இல்லை. மைதானத்தின் மூலையில் இடது பக்கம் திரும்பினால் அவள் அந்தக் கோடியில் வாயில் கை வைத்து நிற்கிறாள்.

அன்று முதல் மூட்டை இல்லாமல் நான் ஏறவில்லை. எனக்குச் சைக்கிள் வந்துவிட்டது, ஆனால் மூட்டையோடுதான். இரண்டு குறை மட்டும் மிச்சம். மைதானத்தை ஒரே பக்கமாகச் சுற்றிப் பழகியதால் இடது பக்கம் மட்டும்தான் திரும்புவேன். இரண்டாவது, இறங்கத் தெரியாது. பிரேக் பிடித்தால் சைக்கிள் நிற்கும், நின்ற சைக்கிளில் மூட்டை என்னை இழுத்துக்கொண்டு சாயும். அதனால் உலர்த்துகிற கயிற்றைக் கையால் பற்றித் தொங்குவேன். சைக்கிள் வேகம் செத்து நிற்கும், காலை ஊன்றிவிடுவேன். கயிறு இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்டேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் நான் நின்று பிடிக்கிறேன் என்று நாத்தனார் வாக்குக் கொடுத்தாள்.

உத்திராடத்தன்று மழை இல்லை. போட்டி நடக்கிற வார்டு மைதானம் நிறையக் கூட்டம், மைக்கில் பாட்டு, எங்கும் தங்கக் கரை போட்ட கசவு சேலை. நான் என் ஆரஞ்சுச் சேலையை இறுக்கிக் கட்டி, மூட்டை ஏற்றிய சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். செக்ரட்டரி ஓடி வந்து மூட்டை எதற்கு என்று கேட்டாள். போட்டி முடிந்ததும் லாட்ஜுக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். உள்ளே இருந்தது லாட்ஜ் துணிதான், அதில் பொய் இல்லை. நடுவராக இருந்தவர் விதி எழுதிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலைப் பற்றி இருந்தது, கோட்டைப் பற்றி இருந்தது, மூட்டையைப் பற்றி ஒன்றுமில்லை. டீச்சரம்மா பெருந்தன்மையாக, பாரம் அவர்களுக்குத்தானே கஷ்டம், இருக்கட்டும் என்றார். வீட்டுக்காரர் முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, தொழில் என்று வந்துவிட்டால் இவள் இப்படித்தான் என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடைப் படியில் கால் வைத்துச் சைக்கிளில் ஏறிக்கொண்டேன். விசில் ஊதினார்கள்.

டீச்சரம்மாவுக்கு வேகமாகப் போய்ப் பழக்கம். எவ்வளவு பிடித்து வைத்தும் சைக்கிள் கேட்கவில்லை, முதல் ஆளாகக் கோட்டைத் தொட்டுவிட்டார். லாட்டரிக்காரி பாதித் தூரம் நன்றாக வந்தாள். கூட்டத்தில் யாரோ நம்பர் கேட்டார்கள், பழக்கத்தில் திரும்பிப் பார்த்தாள், கால் தரையில் பட்டுவிட்டது. நான் எதையும் பார்க்கவில்லை. மூட்டையோடு நடக்கிற வேகம் என்று ஒன்று உண்டு, அதிலேயே போனேன். அவசரம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட எனக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள். கூட்டம் மூச்சடக்கிப் பார்க்கிறது. சுண்ணாம்புக் கோடு மெதுவாக, மிக மெதுவாக என் சக்கரத்துக்கு அடியில் வந்தது. கடைசியாகப் போய்ச் சேர்ந்து ஜெயித்துவிட்டேன்.

தலையை நிமிர்த்திப் பார்த்தால் நாத்தனார் இல்லை.

பட்டியல் தாமதமாகிவிட்டதால் வடம்வலியையும் அதே நேரத்தில் வாசல் பக்கம் தொடங்கிவிட்டார்கள். அவள் அந்தக் குழுவில் கடைசி ஆள், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிற ஆள். அவளைக் கூப்பிட்டுப் போய்விட்டார்கள். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: பிடிக்க ஆள் இல்லை. நின்றால் விழுவேன். இத்தனை கைத்தட்டலுக்கு நடுவில், கோட்டைத் தாண்டி இரண்டாவது முழத்தில், மூட்டையோடு விழுவேன். என் வீட்டுக்காரர் முன் வரிசையில் இருக்கிறார்.

நிற்கவில்லை. மிதித்தேன்.

மைதானத்து வாசல் வழியாக வெளியே போனேன். இடது பக்கம் திரும்பினேன், வேறு பக்கம் தெரியாதே. பின்னால் மைக்கில் என்னைக் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்காரர் எல்லாரிடமும், டெலிவரிக்குப் போகிறாள், பரிசெல்லாம் அப்புறம்தான் அவளுக்கு என்று சொன்னாராம். எல்லாரும் ஒத்துக்கொண்டார்களாம்.

மெதுவாகப் போனால்தான் சைக்கிள் ஆடும், வேகம் பிடித்தால் ஆடாது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். சாலை காலியாக இருந்தது. காற்று முந்தானைக்குள் புகுந்து உப்பிற்று. கிடங்குச் சந்தில் மிளகு வாசனை முகத்தில் அடித்து, என்னவென்று பார்ப்பதற்குள் பின்னால் போய்விட்டது. நடந்து போகையில் அந்த வாசனை கால் மணி நேரம் கூடவே வரும். சாலை நடுவில் மட்டாஞ்சேரி ஆடுகள் வழக்கம்போல நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி படுத்திருந்தன. என் மணி துருப்பிடித்தது, அடிக்காது. அதனால் நானே மணி மாதிரிக் கத்தினேன். ஆடுகள் என்னைப் பார்த்து எழுந்து நின்றன. ஆட்டோவுக்கு எழுந்திராத ஆடுகள்.

வாசலில் பூப் போட்டுக்கொண்டிருந்த ஒரு வாடிக்கைக்காரி, அக்கா, எங்கள் துணி என்றைக்கு என்று கேட்டாள். நாளைக்கு என்று சொன்னேன். நாளைக்குத் திருவோணம் என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதற்குப் பதில் சொல்வதற்குள் அடுத்த இடது பக்கம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனியாக, வாய் விட்டு, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துக்கொண்டே மிதித்தேன். இந்த மூட்டைகள் இத்தனை வருஷமாக அனுபவித்தது இதைத்தானா. சொல்லியிருக்கக் கூடாதா ஒரு வார்த்தை.

எங்கே போய் முடியும் என்கிற பயமும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் சிரிப்புதான் முன்னால் வருகிறது.

மூன்றாவது இடது பக்கம், நாலாவது இடது பக்கம். நாலு தரம் திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும் என்பது மூன்றாம் வகுப்புக்கே தெரிந்த விஷயம். மைதானத்து வாசல் எதிரே வந்தது. அங்கே நாத்தனார் நின்றிருந்தாள். நான் வெளியே போனதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இழுத்துக்கொண்டிருந்த வடத்தை எதிர்க் குழுவின் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு தன் ஆட்களோடு வந்துவிட்டாள். ஏழு பெண்கள், ஒருத்தி மீன் வெட்டுகிறவள், கை உலக்கை மாதிரி. வாசலுக்குக் குறுக்கே, என் தோள் உயரத்துக்கு, வடத்தை இழுத்துப் பிடித்து நிற்கிறார்கள்.

“மதினி, கயிறு,” என்று கத்தினாள். “நம்ம கயிறுன்னு நெனச்சுக்கோங்க.”

இரண்டு கையாலும் பற்றினேன். சைக்கிள் இன்னும் ஒரு முழம் போகப் பார்த்தது, மூட்டை முதுகில் முட்டியது, ஏழு பெண்களும் ஒரு அடி முன்னால் வந்தார்கள், நின்றுவிட்டது. காலை ஊன்றினேன். சேலை ஒரு மடிப்புக் கலையவில்லை. கூட்டம் இதையும் போட்டியின் ஒரு பாகம் என்று நினைத்துக் கைதட்டிற்று.

“டெலிவரி ஆச்சா?” என்றாள் நாத்தனார் என் காதில்.

மேடையில் ஏற்றி ஒரு பெரிய குடையைப் பரிசாகக் கொடுத்தார்கள். செக்ரட்டரி மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“அக்கா, எத்தனை வருஷமாயிட்டு சைக்கிள் சவிட்டுறீங்க?”

சவிட்டுவது என்றால் மிதிப்பது. கேள்வி கடைசியில் வந்தேவிட்டது. ஐம்பது என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்து முகத்தை வைத்திருந்தார்கள். நான் கீழே பார்த்தேன். வீட்டுக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஐம்பது என்று தானே முந்திச் சொல்லிவிடுகிற மாதிரி வாயைத் திறந்திருந்தார். எனக்குள் இன்னும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் செய்தது பதினோரு நாளில் செய்தது. அதைப் போய் ஐம்பது வருஷ வேலை என்று ஏன் குறைத்துச் சொல்ல வேண்டும்?

“பதினோரு நாளா” என்றேன்.

 மைதானமே சிரித்தது. டீச்சரம்மா நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், பதினோரு நாள்தான், அதிலும் ஒன்றரை நாள் வீணாகப் போயிற்று என்றேன். இன்னும் சிரித்தார்கள். நான்தான் பிடித்துக்கொண்டேன், நான் சாட்சி என்று நாத்தனார் கீழிருந்து கத்தினாள். அவள் குரலை யாரும் காதில் வாங்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவள் என்னைப் பற்றி உண்மை சொன்னாள், அதை நம்ப ஒருத்தரும் இல்லை.

சிரிக்காதவர் ஒருவர்தான். நான் இறங்கி வந்ததும் வீட்டுக்காரர் என் முழங்காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

“நெசமா?”

“நெசம்.”

“அப்போ இத்தனை காலமும்?”

“உருட்டினேன்.”

அவர் போய்ச் சைக்கிளின் பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கோபமோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நான் தண்ணியில நின்னு துவைக்கும்போதெல்லாம், இவ இப்போ கடக்கரைக் காத்துல சைக்கிள்ல பறந்துக்கிட்டு இருப்பான்னு நெனைப்பேன். எத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவருக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் சைக்கிளின் இரண்டு பக்கமும் நின்று, ஒருவரையொருவர் பார்த்து, மூட்டையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். நாத்தனார் வந்து, ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வீட்டுக்குப் புறப்படுகையில் அவர் பழக்கத்தில் சைக்கிளை உருட்டப் போனார். விடுங்கள், நான் ஏறப் போகிறேன் என்றேன். மூட்டை இருக்கட்டும், அது இல்லாவிட்டால் வராது என்றும் சொன்னேன். இறங்குவது எப்படி என்று கேட்டார். வீட்டு வாசலில் பிடிக்க ஆள் வேண்டும் என்றேன். அவர் முழங்காலுக்கு என்னோடு ஓடி வர முடியாது. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சாலைக்குப் போய் ஆட்டோவை நிறுத்தினார். பரிசுக் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். நாத்தனாரும் மறு பக்கம் ஏறிக்கொண்டாள்.

“அவசரம் இல்ல,” என்று தலையை வெளியே நீட்டிச் சொன்னார். “நாங்க போய் வாசல்ல நிக்கோம். நீ சுத்திக்கிட்டு வா.”

நான் மேடைப் படிக்குத் திரும்பி, அதில் கால் வைத்துச் சைக்கிளில் ஏறினேன். சுற்றிக்கொண்டுதான் போனேன்.